வெள்ளிக்கிழமை மதியத்தை எழுத மறந்த கையேடு

நான் எழுதியதைக் கடைசி வரி வரை படிக்க ஒரு வாசகர் கிடைத்ததும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்ட மடையன் நான். அந்த வாசகர் தானாகவே வேலை செய்யும் ஒரு ஏஐ ஏஜெண்ட் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஜெர்மனியின் இந்தச் சின்ன ஊரில், ஷூவும் செருப்பும் இறக்குமதி செய்கிற கம்பெனியில், ஆர்டர் அனுப்பும் மென்பொருளுக்குக் கையேடு எழுதுவது என் பிழைப்பு. பல வருஷமாக அந்தப் பக்கம் ஈ காக்கா வந்ததில்லை. சந்தேகம் வந்தால் நேரே என் மேஜைக்கு வருவார்கள், நானும் மேதை மாதிரி சொல்லி அனுப்புவேன். இப்போது ஏஜெண்ட் வந்துவிட்டது. கமாவைக்கூட விடாமல் படிக்கிறது; படித்தபடியே ஆர்டரும் போடுகிறது.

இந்த ஊர்க்காரர்களுக்கு எதையாவது எழுதி ஒட்டாவிட்டால் தூக்கம் வராது. ஆபீஸில் பாத்திரம் கழுவும் மெஷின் மேல், கோப்பையை எப்படிக் கவிழ்க்க வேண்டும் என்று படம் போட்ட தாள் இருக்கும். வந்த புதிதில் நான் என் கோப்பையைக் கையால் கழுவி வைத்தேன். மறுநாள் 'கையால் கழுவ வேண்டாம்' என்று இன்னொரு தாள் முளைத்திருந்தது. எங்கள் பக்கத்தில் போர்டை நம்பி யார் பஸ் ஏறினார்கள்? வேலூர் பஸ் ஸ்டாண்டில் 'ஆம்பூர்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும், அதன் கீழேயே நின்று, "ஆம்பூர் உள்ள போவுமாண்ணா, பைபாஸா?" என்று கண்டக்டரைக் கேட்டுவிட்டுத்தான் ஏறுவோம். ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் வேலை பார்த்தபோதும் அப்படித்தான். வெளிநாட்டு ஆர்டர் மெயிலில் வரும். பதில் போகாவிட்டால் திரும்ப அனுப்புவார்கள். பக்கத்து மேஜை ரஃபீக் கூடுதலாக வந்ததை அழித்துவிடுவான். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா தொழுகை, அப்புறம் பிரியாணி. அந்த நேரத்தில் பதில் வரும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில்தான் இங்கே கையேட்டில் ஒரே வரியாக எழுதினேன்: 'பதில் வராவிட்டால் மீண்டும் அனுப்பவும்.' இந்த மென்பொருளில் ஒவ்வொரு முறை அனுப்புவதும் ஒரு புது ஆர்டர் என்பதை எழுதவில்லை. அதுகூடவா தெரியாது என்ற நினைப்புதான்.

போன வெள்ளிக்கிழமை ஏஜெண்ட், ரஃபீக் இன்னும் ஆர்டர் பார்க்கிற அதே ஆம்பூர் ஃபேக்டரிக்கு ஒரு பெண்கள் செருப்பு ஆர்டர் அனுப்பியது. அந்த ஒன்று உண்மையான ஆர்டர். எங்களுக்குக் காலை, அங்கே ஜும்மா நேரம். பதில் இல்லை, திரும்ப அனுப்பியது. மறுபடியும் இல்லை, மறுபடியும் அனுப்பியது. சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. என் மேலதிகாரி உல்ரிக்கே கவனித்து நிறுத்துவதற்குள் ஒரு கண்டெய்னர் நிறைகிற அளவு செருப்பு கேட்டாயிற்று.

"ரஃபீக் ஏன் பதில் சொல்லவில்லை?" என்றாள்.

"இன்றைக்கு வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமை வேலைநாள்தானே?"

"வேலைநாள்தான். ஆனால் தொழுகை. அப்புறம் பிரியாணி."

அவள் சிரிக்கவில்லை. "பிரியாணி கையேட்டில் எத்தனையாவது பக்கம்?" என்றாள்.

அதற்குள் ரஃபீக்கின் போன். ஆர்டர் கம்மி என்று அவன் பார்த்துக்கொள்ளும் தையல் லைனை மூடுவதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அந்த லைனை நம்பித்தான் அவனும், அதில் தைக்கிற பெண்களும்.

"டேய் தோஸ்த்! இன்னாடா இது, உங்க ஊர்ல அல்லாரும் செருப்பத் தொலைச்சிட்டாங்களா? ஸ்கிரீன் பூரா ஆர்டரு!"

"ரஃபீக்கு, ஒரு நிமிஷம்..."

"மொதலாளி லைன மூடலன்னுட்டாரு. நாளைக்குக் காலைல தோல் வெட்றோம். பொம்பளைங்க போட்ற சத்தத்துல ஒண்ணும் கேக்கல, மெசேஜ் போடு!"

வெட்டிய தோலை எந்த மென்பொருளாலும் ஒட்ட முடியாது. வெட்டச் சொன்னவன் என்று பழியும் ரஃபீக் தலையில்தான் விழும்.

முதலில் கையேட்டைத் திருத்தினேன். கோழைகள் கஷ்டமான வேலையை இரண்டாவதாகத்தான் செய்வார்கள். 'இந்தக் கட்டளையை இரண்டு முறை கொடுத்தால் இரண்டு ஆர்டர் உருவாகும். பதில் வராவிட்டால் காத்திரு, மனிதரிடம் கேள். ஆம்பூர் நேரப்படி வெள்ளி மதியம் அங்கிருந்து பதில் வராது. அது பிழை அல்ல.' உல்ரிக்கே படித்துவிட்டு, "இப்போதுதான் தெளிவாக இருக்கிறது" என்றாள். எனக்கு என்னவோ போல இருந்தது. நான் பிறந்து வளர்ந்த வெள்ளிக்கிழமையை ஒரு மெஷினுக்கு ஜெர்மன் மொழியில் விளக்கிவிட்டு, இரண்டு ஊருக்கும் நடுவில் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அதே பாணியில் ரஃபீக்குக்கு எழுதினேன். தோலை வெட்டாதே என்பது முதல் வரி. என்ன நடந்தது, ஏன் நடந்தது, ஏஜெண்ட் என்றால் என்ன, அது எப்படிப் படிக்கும், தப்பு முழுக்க என்னுடையது, முதலாளியிடம் நானே பேசுகிறேன் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தி. என் வாழ்நாளில் இவ்வளவு தெளிவாக எதையும் எழுதியதில்லை. அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

ரஃபீக்கிடமிருந்து ஒரே வரி வந்தது.

"அத்தினி ஆர்டர்ல ஒண்ணாவது நெஜமாடா?"