கடைசி நகம்

முயலைப் பார்ப்பதற்கென்றே என் மனைவிக்குத் தனியாக ஒரு கண் இருக்கிறது. எனக்கு அழகாகத் தெரிவதில்கூட அவளுக்கு முதலில் குறைதான் தெரியும். முப்பது வருடம் என்னோடு குடும்பம் நடத்தியதில் வந்த பழக்கமாக இருக்கலாம்.

வளைகுடா வேலையை விட்டு வந்து தக்கலைக்குப் பக்கத்தில் நான் கட்டிய வீட்டின் பின்புறம்தான் அவள் முயல் வளர்க்கும் கூண்டுகள். ஒவ்வொரு கூண்டிலும் ஓர் அட்டை தொங்கும். அதில் அந்த முயலின் குறைகளை மட்டும் எழுதுவாள். "நல்லது கண்ணுக்கே தெரியும். அத என்னத்துக்கு எழுதணும்?" என்பாள். ஓர் ஈற்றில் ஏழு குட்டி என்றால் மூன்று மாதம் பார்த்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்வாள். மற்றவை கேட்பவர்களுக்குப் போகும், அட்டையும் கூடவே போகும். குறையை எழுதிக்கொடுத்து விற்கிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த அட்டையை நம்பித்தான் குழித்துறையிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள்.

கால் வழுக்காமலிருக்க மேசையில் சாக்கை விரித்து முயலை உட்காரவைப்பாள். வாலிலிருந்து தலைப்பக்கமாக முடியைத் தடவிவிட்டு, அது எப்படித் திரும்பிப் படிகிறது என்று பார்ப்பாள். பிறகு மல்லாத்திப் பல், நகம். அப்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். காப்பி கேட்டால் மட்டும் கிடைக்காது.

அப்படி நான்கு தலைமுறை பொறுக்கி எடுத்ததில் வந்தவன் ஒரு கறுப்பு ஆண். உடம்பில் ஒரு வெள்ளை முடி கிடையாது. நாகர்கோவில் முயல் கண்காட்சியில் அவனை நடுவர் கையில் கொடுத்து, தான் பொறுக்கியது சரிதானா என்று கேட்டுவிட வேண்டும், அதுதான் அவள் ஆசை. அவன் அட்டையை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள். நடுவர் சொல்வதைக் கேட்டு எழுதுவாளாம்.

கண்காட்சிக்கு முந்தின நாள் காலையில் கூண்டு கழுவும்போது நான் பார்த்தேன். அவனுடைய வலது பின்காலில் கடைசி நகம் வெள்ளை. கறுப்பு முயலுக்கு ஒரு நகம் வெளுத்திருந்தாலும் போட்டியிலிருந்து தள்ளிவிடுவார்கள் என்பது அவளிடம் கற்றதுதான். அவள் கண்ணுக்குத் தப்பிவிட்டது, சொன்னால் உடைந்துபோவாள் என்று நினைத்தேன். அட்டை எழுதும் மார்க்கரை எடுத்து நகத்துக்குக் கறுப்பு அடித்தேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு வேறு.

திருவனந்தபுரத்திலிருந்து வந்த நடுவர் அவனைத் தடவிப் பார்த்து, "கொள்ளாம்" என்று மலையாளத்தில் மெச்சினார். அவனை மல்லாத்தியபோது பக்கத்தில் நின்ற என் மனைவியே முந்திக்கொண்டு, "சார், அந்தக் கடைசி நகத்தப் பாருங்க, அது வெள்ளையாக்கும்" என்றாள்.

நடுவர் ஈரத்துணியால் துடைத்தார். துணியில் கறுப்பு ஒட்டியது.

"யாரு மை போட்டது?"

அவள் என் விரலை ஒருமுறை பார்த்தாள். கறை இன்னும் போகவில்லை. "எங்க வீட்டுல நடந்ததுதான் சார். தப்பு என்னோடது" என்றாள். அவளிடம் முயல் வாங்குகிறவர்கள் பத்துப் பேராவது சுற்றி நின்றார்கள். மை பூசிய முயலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்று நடுவர் அடுத்த முயலுக்குப் போய்விட்டார்.

ஆட்டோவில் மெதுவாகக் கேட்டேன். "ஏட்டி, உனக்கு முன்னமே தெரியுமா?"

"குட்டியா இருக்கும்பமே தெரியும். தள்ளுவாங்கன்னும் தெரியும். நகத்த விட்டா வேற என்ன குறைன்னு அவரு சொல்லுவாருல்லா? அதக் கேக்கத்தான் கொண்டு போனேன். நீங்க அதக் கெடுத்திட்டிய."

அத்தனை பேர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்காமல் தன் பெயரைக் கொடுத்தவள் அவள். எனக்கு அவமானமாகவும் இருந்தது, இப்படி ஒருத்தி வாய்த்தாளே என்று பெருமையாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவனைக் கூண்டில் விட்டுப் புல் போட்டாள். பிறகு அந்த வெறும் அட்டையையும் மார்க்கரையும் என்னிடம் நீட்டினாள். "எழுதுங்க."

'வலது பின்கால், கடைசி நகம் வெள்ளை' என்று எழுதினேன். அவள் நகரவில்லை. அதற்குக் கீழே, 'அதற்கு மை அடித்தது நான்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வாசித்துவிட்டுக் கூண்டில் மாட்டினாள்.

அட்டை இன்னும் அங்கேதான் தொங்குகிறது. முயல் வாங்க வருகிறவர்களை அவள் முதலில் அந்தக் கூண்டுக்குத்தான் கூட்டிப்போகிறாள்.