மூன்றாவது இடம் கொடுத்தவர்

திங்கட்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்பி, காரில் சாவியைப் போட்டுவிட்டேன். அப்போதுதான் கம்பவுண்டர் அந்தோணி வாசலில் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். "மிஸ், டாக்டர் போயிட்டாரு. தூக்கத்துலயே. காபி எடுத்துட்டுப் போன அக்காதான் பாத்தாங்க." சாவியை வெளியே எடுத்தேன், மறுபடி போட்டேன்.

பல் டாக்டர் சாலமன் துரைராஜைப் பற்றி நம் ஞாயிறு மோட்டார் குழுவுக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். வாயை மூடிக்கொண்டிருக்க எனக்குத் தெரியாது என்று அவரே பலமுறை குறைப்பட்டிருக்கிறார்.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் அவருடைய கிளினிக் வாசலில் நிற்கும் பழைய இங்கிலீஷ் காரை யார்தான் மறப்பார்கள்? அதில் கியர் மாற்றுவது லேசுப்பட்ட காரியமல்ல. கிளட்சை ஒருமுறை மிதித்து விட்டு, இன்ஜின் வேகத்தைச் சரிப்படுத்தி, மறுபடி மிதிக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் உள்ளே பற்கள் நறநறவென்று கத்தும். அந்தச் சத்தம் அவருக்கு ஆகவே ஆகாது. "வாரம் பூரா பல்லு பிடுங்கறேன். ஞாயித்துக்கிழமையாவது பல்லு கத்தறதைக் கேக்காம இருக்கணும்" என்பார். அவருடைய வேதவாக்கு ஒன்றுதான்: "கியர் மாறினது பக்கத்துல உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியக் கூடாது."

அதைச் சோதிக்கத்தான் நந்தி மலைத் தம்ளர் போட்டியை அவர் ஏற்படுத்தினார். பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு, மலையடிவாரத்தில் பித்தளைத் தம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றித் தாம்பாளத்தில் வைப்பார்கள். போட்டியாளர்களில் ஒருவர் அதை மடியில் ஏந்தி இன்னொருவர் காரில் உட்கார வேண்டும். மேலே போனதும், தாம்பாளத்தில் சிந்திய தண்ணீரை டாக்டர் தம் மருந்து கிளாசில் அளப்பார். குறைவாகச் சிந்தியவருக்கு முதலிடம்.

அறுபதுகளின் தொடக்கத்தில், ஊர் திரும்பிய அமெரிக்கர் ஒருவர் விற்ற காரை என் அண்ணா எனக்காக வாங்கினார். அதில் இரண்டே பெடல்கள். கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறிக்கொள்ளும். ஆசை ஆசையாக அதை ஓட்டிக்கொண்டு குழுவில் சேரப் போனேன். டாக்டர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "டீச்சரம்மா, இது கார் இல்ல, லிஃப்ட். ஏறி நின்னா அதுவே மேல போயிடும். நம்ம குழுவுல கையால கியர் போடறவங்க மட்டும்தான்." எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும்தான்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. நான் விந்தி நடப்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கும் கிளட்சுக்கும் உள்ள சம்பந்தம் மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. "டாக்டர், எட்டு வயசுலேருந்து என் இடது காலுக்குப் பலம் இல்ல. கிளட்சை அமுக்காது. இந்த லிஃப்ட் இல்லேன்னா ஆயுசு பூரா நான் பக்கத்து சீட்டுதான்" என்றேன். அழக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஐயோ பாவம் என்றும் சொல்லவில்லை. "சாவி குடுங்க. ஓட்டிப் பாக்காம பேசினது என் தப்பு" என்றார். தாம்பாளத்தை என் மடியில் வைத்தார். முதல் திருப்பத்தில், நாற்பது வருஷப் பழக்கத்தில் அவருடைய இடது கால் கிளட்சைத் தேடிப் போய், அங்கிருந்த அகலமான பிரேக்கை ஓங்கி மிதித்தது. கார் ஆணி அடித்தாற்போல் நின்றது. தம்ளர் தண்ணீர் முழுவதும் என் புடவையில். மறுபடி நிரப்பினோம், மறுபடியும் அதே கதை. மூன்றாம் முறை அவர் கழுத்து டையை அவிழ்த்து, இடது கணுக்காலை சீட்டுக்கு அடியிலிருந்த கம்பியோடு சேர்த்துக் கட்டினார்.

பெட்ரோல் பங்க்கில் இருந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஏன் சார், காலிகே ஏனாயித்து?" என்று, காலுக்கு என்ன ஆயிற்று என்று கன்னடத்தில் கேட்டார். "ரஜா கொட்டித்தீனி" என்றார் டாக்டர். காலுக்கு லீவு கொடுத்திருக்கிறாராம்! அன்று அவ்வளவு கோபத்திலும் நான் சிரித்துவிட்டேன்.

இரண்டு மணி நேரம் ஓட்டினார். திரும்பி வந்து டையை அவிழ்த்தபடி குழுவினரிடம் சொன்னார்: "இதுலயும் வேலை இருக்குப்பா. கியரை நாம மாத்த வேண்டாம், ஆனா அது எப்ப மாறும்னு முன்னாடியே தெரியணும். ஆக்சிலரேட்டர்ல காலை லேசாத் தளர்த்தினா சத்தமில்லாம மாறுது. டீச்சரம்மா போட்டியில உண்டு."

அந்த ஜனவரியில் என் காரில் தாம்பாளம் ஏந்தி உட்கார்ந்தவர் அவரே. மலை உச்சிக்கு இரண்டு வளைவு இருக்கும்போது நான் அவசரப்பட்டு ஆக்சிலரேட்டரை அழுத்திவிட்டேன். கார் தானாகக் கியரை இறக்கிக்கொண்டு ஒரு குலுக்குக் குலுக்கியது. மேலே போனதும், எனக்கு முதலிடம் தந்துவிடலாமே, முதல் தடவை, பாவம், என்று நம்மில் ஒருவர் சொன்னார். டாக்டர் கிளாசை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஒரு அவுன்ஸ் சிந்தியிருக்கு. மூணாவது" என்றார். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் காலைப் பார்க்காமல் என் ஓட்டுதலை மட்டும் பார்த்து ஒருவர் மதிப்பெண் போட்டது அதுதான் முதல் முறை.

கடைசிவரை அவர் தம் கட்சியை விடவில்லை. கையால் கியர் போடுவதில் உள்ள சுகம் தனி என்பார். கிளட்ச் இல்லாத வண்டிக்கு லிஃப்ட் என்ற பெயரையும் மாற்றவில்லை. "ஆனா லிஃப்டையும் ஓட்டத் தெரியணும்" என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்.

சர்ச்சிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு அவர் மனைவி கிரேஸ் அக்கா என் காரில் வந்தார். முன்னால் பெட்டி வண்டி நடைவேகத்தில் போயிற்று. நின்று நின்று, ஊர்ந்து ஊர்ந்து போனோம். அக்காவின் மடியில் ஒரு தட்டு நிறைய உதிரி ரோஜாக்கள். இறங்கும்போது அக்கா தட்டைப் பார்த்தார். ஒரு இதழ்கூடக் கீழே விழவில்லை. "கியர் மாறினதே தெரியல சாரதா. அவர் இருந்தா இதையேதான் சொல்லியிருப்பார்" என்றார். நான் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

அந்த டை இன்னமும் என் சீட்டுக்கு அடியில்தான் கிடக்கிறது. என் காரை ஓட்டிப் பார்க்க வருகிற கிளட்ச்காரர்கள் எல்லோரும் அதைக் கட்டிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். அதைவிடப் பெரிதாக அவர் எனக்குத் தந்தது ஒன்று உண்டு. யாராவது என் நடையைப் பார்த்து இரக்கப்பட்டு எதையாவது தூக்கிக் கொடுக்க வந்தால், வேண்டாம் என்று சொல்ல இப்போது எனக்குத் தெரிகிறது. நந்தி மலையில் எனக்கு நியாயமாகக் கிடைத்த மூன்றாவது இடம் ஒன்று இருக்கிறது.