மூன்று விசில்

பயப்படுவதற்கு எனக்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். ஆறாம் வகுப்பில் ஒரு தாள் போதுமானதாக இருந்தது.

பாறசாலையில் எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ் வகுப்பில், ஹிரோஷிமா தினத்துக்கு ஒரு வாரம் முன்பு டீச்சர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். உலகத்தில் எங்குமே அணுகுண்டு வேண்டாம் என்று மேலே எழுதியிருந்தது. வீட்டுப் பெரியவர்கள் கீழே கையெழுத்துப் போட வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து டெல்லிக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்.

என் பக்கத்தில் இருந்தவள் தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “ஒனக்க அப்பா வெடிக்காரராக்குமே. அவரு எப்படி ஒப்பு போடுவாரு?”

அப்பாவுக்கு ஒற்றசேகரமங்கலம் பக்கம் ஒரு குவாரியில் பாறைக்கு வெடி வைக்கிற வேலை. அப்பா கையெழுத்துப் போட்டால், வெடிக்கு எதிராக எழுதிக் கொடுத்தவர் என்று வேலை போய்விடும். போடாவிட்டால், பள்ளிக்கூடத்திலேயே குண்டு வேண்டும் என்று சொன்ன ஒரே வீடு எங்கள் வீடாக இருக்கும். அது டெல்லி வரைக்கும் தெரிந்துவிடும். தாளை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்தேன். நாலாம் நாள் டீச்சர் கேட்டபோது, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி, மறுநாள் தாளையும் கொண்டுவந்து கொடுத்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. ஆறாம் தேதி அப்பாவை வரச் சொன்னார். அது அதைவிடப் பெரிய பயமாகிவிட்டது.

கல்யாணங்களுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு அப்பா வந்தார். ஹிரோஷிமா தின ஊர்வலத்துக்கு வரிசையாக நின்ற பிள்ளைகளின் முன்னால் டீச்சர் அவரை நிறுத்தி, வேலையைப் பற்றிச் சொல்லச் சொன்னார். அப்பா மலையாளத்தில் தொடங்கி, பாதியில் தமிழுக்கு வந்துவிட்டார்.

“மருந்து நிறைச்சிட்டு மூணு விசில் ஊதுவேன். பொறவு ரோட்டுல ரெண்டு பக்கமும் ஆளை நிறுத்துவேன். ஒரு ஆடு மேய்ஞ்சிட்டு நின்னாலும் திரியில தீ வைக்க மாட்டேன். குண்டு போட்ட அந்த ஊருல எவனும் விசில் ஊதல்ல, மக்களே. அதாக்கும் எனக்கு மனசிலாவாத காரியம்.”

பிறகு அந்தக் கசங்கின தாளை மேஜையில் நீவி விரித்து, மெதுவாகக் கையெழுத்துப் போட்டார்.

பக்கத்தில் நின்ற ஹெட்மாஸ்டர் முன்னால் ‘எவனும்’ என்று சொல்லிவிட்டாரே என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது அன்று கேட்ட அதே வகுப்புக்காரி என் காதில், “ஒனக்க அப்பா கொள்ளாம் கேட்டியா” என்று மெச்சினாள். அதோடு என் கழுத்து ஒரு சாண் நீண்டது. ஊர்வலத்தில் முன்வரிசை அட்டையை டீச்சர் என்னிடம் கொடுத்தார். ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன என் படிப்பில், நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள அந்த ஒரு நாள் உண்டு.

வீட்டுக்கு நடக்கும்போது, குண்டு போட்டது ராத்திரியா பகலா என்று அப்பா கேட்டார். காலை எட்டேகால் மணிக்கு என்று, டீச்சர் சொன்னதை மிடுக்காகச் சொன்னேன்.

“பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எறங்குத நேரம்” என்றார். வீடு வரை என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

மறுநாள் முதல் வேலைக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு, என்னைப் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுவிட ஆரம்பித்தார். பெரிய வகுப்புப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். நான் வகுப்புக்குப் போகாமல் எங்கேயோ சுற்றுகிறேன் என்று யாரோ அவரிடம் கோள் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். அது யார் என்று ஒரு மாதம் தேடிக்கொண்டிருந்தேன்.