தெரியாத ஜீனுக்கு வேலை போட்டுக் கொடுத்தோம்

ஊரிலுள்ள ஜீன்களுக்கெல்லாம் என்ன வேலை என்று எழுதிவைக்கிற எங்களுக்கு, எங்கள் வேலை நிலைக்குமா என்பது மட்டும் தெரியாது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் பாணேர் என்ற புறநகர்ப் பகுதியில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். ஒப்பந்த வேலையில் குப்பை கொட்டியவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

வரன் விசாரணை

எங்கள் தரவுத்தளத்தில் ஒவ்வொரு ஜீனுக்கும் ஒரு பதிவு, அதில் மூன்று கட்டம்: என்ன வேலை செய்கிறது, செல்லுக்குள் எங்கே செய்கிறது, இது எப்படித் தெரியும். சோதனையில் பார்த்ததா, வேறொரு ஜீனின் சாயலை வைத்து ஊகித்ததா என்று மூன்றாவதில் சொல்லியாக வேண்டும். நாங்கள் குடியிருந்த நிக்டியில், மாடிவீட்டு சுந்தரி மாமியிடம் இதைப் பெருமையாக விளக்கினேன்.

"பையன் என்ன பண்றான், எங்க பண்றான், யார் சொன்னா? என் பொண்ணுக்கு வரன் பார்க்கறச்சே நானும் இதைத்தானே கேக்கறேன். இதுக்கு எம்.எஸ்ஸி. எதுக்குடி?"

காலிக் கட்டம்

ஒரு பாக்டீரியாவின் ஜீன்களில் பாதிக்கு மேல் 'பணி தெரியவில்லை' என்று எழுதியிருந்தோம். உண்மையும் அதுதான். வெளிநாட்டு வாடிக்கையாளர் திருப்திப்பட்டால்தான் ஒப்பந்தம் நீளும் என்பதால் மேலாளர் தேஷ்பாண்டே காலிக் கட்டங்களையே எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கும் அது நீண்டாக வேண்டும். பிம்ப்ரி தொழிற்சாலையில் வேலை போய் என் கணவர் வீட்டில் இருந்தார். சாயலை வைத்து நிரப்பச் சொன்னார் தேஷ்பாண்டே. தெரியாது என்றே விடலாமே என்றேன்.

"அரே மேடம், தெரியாதுன்னு எழுத அவங்களுக்கே தெரியும். அதுக்கு நாம எதுக்கு?"

சாட்சி கிடைத்தது

அப்படி நிரப்பிய ஒரு ஜீனுக்கு 'சர்க்கரையைக் கடத்தும்' என்று எழுதி, மூன்றாம் கட்டத்தில் 'ஊகம்' என்று போட்டேன். சில மாதங்களில் பக்கத்து மேஜை ஸ்னேஹல் துள்ளிக்கொண்டு வந்தாள். வேறொரு தரவுத்தளமும் அதையே சொல்கிறதாம், இனி 'ஊகம்' வேண்டாமாம். தோண்டிப் பார்த்தால், அவர்கள் எங்களைத்தான் காப்பியடித்திருந்தார்கள், மூன்றாம் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு! இதை நம்பி எவனாவது ஆய்வுக்கூடத்தில் ஆயுளைத் தொலைப்பானே என்று எனக்குப் பகீரென்றது. ஸ்னேஹல் அசரவில்லை.

"அதனால என்ன? இப்போ ரெண்டு பேர் சொல்றோம்ல?"

பேடா

வாடிக்கையாளர் தொலைபேசியில் அந்த ஜீனுக்கு ஆதாரம் கேட்டார். தேஷ்பாண்டே கண்ணாலேயே கெஞ்சினார். நான் நடந்ததை அப்படியே கொட்டிவிட்டேன். வீட்டுக்குப் போய்க் கணவரிடம், இனி இரண்டு பேரும் சேர்ந்தே டிவி பார்க்கலாம் என்று சொல்லி அழுதேன்.

மறுநாள் பதில் வந்தது. சாயலை வைத்து நிரப்பியதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, தேறாதவற்றை அழிக்க வேண்டும். அதற்குப் புது ஒப்பந்தம். தேஷ்பாண்டே பேடா டப்பாவோடு வந்தார்.

"பார்த்தீங்களா மேடம், அன்னிக்கு நிரப்பாம விட்டிருந்தா இன்னிக்கு அழிக்க என்ன இருந்திருக்கும்?"

அந்த ஜீன் என்ன செய்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் வீட்டில் அடுப்பெரிய வைத்தது என்பது மட்டும் ஊகமல்ல, நேரடிச் சோதனையில் கண்டது.