பக்கத்து வீட்டுக்காரியின் கன்று

எழுபதுகளின் கடைசியில் ஈப்போ பட்டணத்திலிருந்து வந்த, ஏழைகளுக்கு உதவும் சங்கத்தார் எங்கள் ரப்பர் தோட்டத்தில் எனக்குத்தான் முதலில் கறவைப் பசு கொடுத்தார்கள். மாடு வளர்க்கத் தெரிந்தவள் யார் என்று விசாரித்துத்தான் கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை, முதல் கன்றைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட வேண்டும். அவள் ரப்பர் மரங்களுக்கடியில் புல்லைக் கருக்க மருந்து அடிக்கிறவள். தினமும் வந்து பசுவின் வயிற்றைத் தடவி, "என் புள்ள எப்படி இருக்குக்கா?" என்பாள்.

பசு நிறைசினையாக இருந்தபோது தோட்டம் கைமாறப் போகிறது என்று பேச்சு வந்தது. அதிலிருந்து புல் கருகிக்கொண்டே வந்தது. முதலில் மேட்டில், பிறகு ஆற்றோரம், அப்புறம் கோயிலுக்குப் பின்னால்.

ஒரு காலை அவள் முதுகில் மருந்துப் பம்போடு என் மாட்டுக்கொட்டகை முன்னால் நின்றாள்.

"மாட்ட உள்ள கட்டுங்கக்கா. கொட்டகை வரைக்கும் அடிக்கச் சொல்லிட்டாரு எங்கள வேலை வாங்குற மண்டோரு. புது முதலாளி வர்றதுக்குள்ள மாடு வச்சிருக்கவங்க எல்லாம் வித்துடணுமாம்லா."

"யாரு கன்னுக்குட்டி திங்கிற புல்லுன்னு தெரியுதாடி?"

"தெரியாம என்ன. நான் அடிக்கலன்னா வேற ஆளு அடிக்கும். எனக்கு வேலையும் போயிடும்."

பசுவை உள்ளே கட்டினேன். அவள் முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டாள். பம்பு அடிக்கிற சத்தம் கொட்டகையைச் சுற்றி மெதுவாக வந்தது.