வாளிக்குள் போன தேங்காய் நார்

யுத்த காலத்தில் என் அப்பா தென்காசியில் ஒரு பஞ்சுக் கிடங்கில் மேஸ்திரியாக இருந்தார். நெருப்பு என்றாலே அவருக்கு ஆகாது. கிடங்குச் சுவரில் வரிசையாகச் சிவப்பு வாளிகளை மாட்டி மணல் நிரப்பி வைத்திருந்தார். பீடியோடு உள்ளே வருகிறவனை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார். சனிக்கிழமைதோறும் சொல்லாமல் கொள்ளாமல் "தீ! தீ!" என்று கத்துவார். வேலையாட்கள் சிரித்துக்கொண்டே ஓடிவந்து வாளியைப் பிடிப்பார்கள்.

"மேஸ்திரி அண்ணாச்சி, சாரல் அடிக்குத ஊர்ல தீ எங்கன பிடிக்கும்?" என்று கேலி செய்வார்களாம்.

"கிடங்குல பிடிக்காட்டா உங்க அடுப்படியில பிடிக்கும். வீட்டுலயும் ஒரு சட்டி மணல் வைங்கலே" என்பாராம் அப்பா.

ஒருவரும் வைக்கவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் அடுப்படி வாசலில் ஒரு சிவப்பு வாளி தொங்கியது. அதன் அடிப்பாகம் உருண்டையாக இருக்கும். தரையில் வைத்தால் நிற்காது. ஆகவே யாரும் அதை வேறு வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்று அப்பாவுக்கு ஏகப்பட்ட பெருமை. வாளியைத்தானே எடுக்க மாட்டார்கள்?

அந்த ஆடியில் சாரல் விடாமல் பிடித்துக்கொண்டது. எனக்கு எட்டு வயது. சுடச்சுட வறுத்த கடலை தின்னாவிட்டால் உயிரே போய்விடும் போலிருந்தது. அம்மாவை நச்சரித்தேன்.

"ஆத்து மணலெல்லாம் நனைஞ்சு கெடக்குட்டி. காஞ்ச மணல் கொண்டா, வறுத்துத் தாரேன்" என்று அம்மா தட்டிக்கழித்தாள்.

காய்ந்த மணல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முக்காலியில் ஏறி அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தேன். ஏது என்று அம்மா கேட்கவில்லை. அவளுக்கும் கடலை பிடிக்கும். வறுத்த மணலை அடுத்த தடவைக்கென்று சட்டியிலேயே வைத்துக்கொண்டாள். திருப்பிக் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். எனவே வாளிக்குள் தேங்காய் நாரைத் திணித்து, மிச்சமிருந்த மணலை மேலே பரப்பிவிட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சாரல் நாளில் துணி காயாது. குமுட்டி அடுப்பில் கரியைக் கனலவைத்து, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் துணியை விரித்துக் காயவைப்பார்கள். அப்பா வீட்டில் இருந்தால் இது நடக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனதும் அம்மா கூடையைக் கவிழ்த்தாள். பக்கத்தில் சேலைத் தொட்டிலில் கைக்குழந்தையான தம்பி தூங்கிக்கொண்டிருந்தான்.

காய்ந்த துணி ஒன்றின் முனை கூடை இடுக்கு வழியாக நழுவிக் கனலில் பட்டது. கூடை பற்றியது. தொட்டில் சேலையை நோக்கித் தீ நாக்கை நீட்டிய நேரத்தில்தான் அப்பா ஈரத்தலையோடு உள்ளே நுழைந்தார். ஒரே தாவலில் வாளியை எடுத்துக் கவிழ்த்தார். ஒரு பிடி மணல் விழுந்தது. பின்னாலேயே நாரெல்லாம் விழுந்து திகுதிகுவென்று எரிந்தது.

அம்மாதான் மூலையில் கிடந்த ஈரத்துணிக் குவியலை அப்படியே வாரித் தீயின்மேல் போட்டாள். மூன்று நாளாகக் காயாமல் எங்களைப் பாடாய்ப் படுத்திய துணிகள் அவை. தீ அடங்கியது. தொட்டில் சேலையில் ஓரம் மட்டும் கருகியிருந்தது. தம்பி விழிக்கக்கூட இல்லை.

அப்பா கருகிய நாரைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அடி விழும் என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். விழவில்லை.

மறுநாள் கிடங்கில் எல்லோரையும் கூட்டி வைத்து, "எங்க வீட்டு வாளியிலயே நாருதான் கெடந்துது. கையை விட்டுப் பாக்காதது என் தப்பு. நீங்களாவது பாருங்கலே" என்று சொன்னாராம். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லையாம். அங்கே என் பெயர் அடிபடவே இல்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதற்குப் பிறகு தினமும் காலையில், காப்பி குடிக்கும் முன், அப்பா அந்த வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிப் பார்ப்பார். இன்னும் என்னைத் திருடியாகவே நினைக்கிறார் என்று எனக்கு ஆத்திரமாக வரும். வாளியிலிருந்து வெளியே வரும்போது அந்தக் கை நடுங்கும். சாரல் குளிர் என்று நினைத்துக்கொண்டேன். சாரல் நின்று வெயில் வந்த பிறகும் அது நடுங்கியதை யோசிக்க எனக்கு அப்போது தெரியவில்லை.