ஹ்ருஷ்கா துரையின் காது

செருப்பை வாசலில் கழற்றி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்ட பிறகுதான் பெர்னதெத் ரேடியோவின் திருகைத் தொடுவாள். செபம் வருகிற பெட்டி அல்லவா? காக்ஸ் டவுனில், தான் சமையல் வேலை செய்யும் ஹ்ருஷ்கா துரை வீட்டில், ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் அவள் செய்வது இது. முருங்கைமரத்தில் இழுத்துக் கட்டிய செப்புக்கம்பி வழியாக, ரோமாபுரியிலிருந்து துரையின் தாய்மொழியான செக்கில் செப நிகழ்ச்சி வந்து இறங்கும்.

துரைக்கு இடது காது செத்துவிட்டது. வலது காதோரம் வாய் வைத்துச் சொன்னால் கேட்கும். ரேடியோ இரைச்சலில் ஒன்றும் பிடிபடாது. அதனால் அது சொல்வதையெல்லாம் அவள் அப்படியே திருப்பிச் சொல்கிறாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள். செக் மொழியில் நாலு வார்த்தைக்குக்கூட அர்த்தம் தெரியாது. கோயில் லத்தீனையும் காதால் பிடித்தவள்தான். ஆரம்பத்தில் கரகரப்பையும் விடாமல் "கொர்ர்ர்" என்று சொல்லிவிட்டாள். துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பக்கத்து வீட்டுச் சந்திரம்மா துணி உலர்த்திக்கொண்டே வம்புக்கு இழுப்பாள். "இன்னாக்கா, தொரை காதுல மந்திரம் ஓதறியா? உனுக்கே புரியாதத அவருக்குச் சொல்லி இன்னா லாபம்?"

"தபால்காரன் லெட்டரப் படிச்சுட்டா குடுக்கறான்? போடி, உன் கொழம்பு தீயுது."

துரை தோல் தொழிற்சாலையில் இயந்திரம் பூட்ட வந்தவர். நாற்பத்தெட்டாம் வருடம் அவர் நாட்டு ஆட்சி கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனது. அவர் திரும்பவில்லை. உறவென்று ஒரே தங்கை, ஒலோமோட்ஸ் ஊரில் கன்னியாஸ்திரீ, சிஸ்டர் லுட்மிலா. மடத்தைப் பூட்டி எல்லாரையும் லாரியில் ஏற்றிப் போனார்கள் என்று ஒரு கடிதம் வந்தது. எட்டு வருடமாக வேறு கடிதம் இல்லை.

பெர்னதெத்தின் கணவன் பர்மா சண்டைக்குப் போனவன். செத்தான் என்று இன்றுவரை காகிதம் வரவில்லை. கிறிஸ்துமஸ்தோறும் அவன் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு வைப்பாள். கேட்டால், "பொட்டியிலயே கெடந்தா பூச்சி அரிக்கும்ல?" என்பாள்.

ரேடியோ நிகழ்ச்சியின் முடிவில், துரையின் நாட்டில் இறந்துபோன குருக்கள், கன்னியர் பெயர்களை வாசிப்பார்கள். உடனே லத்தீனில் இறந்தோருக்கான செபம். அந்த இடம் மட்டும் அவளுக்கு விளங்கும்.

போன வருடம் ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலத்தில் ஒரு ஞாயிறு, ஆறு பெயர்கள் வந்தன. நான்காவது, "செஸ்ட்ரா லுட்மிலா, ஒலோமோட்ஸ்." கொஞ்சமும் கரகரப்பில்லை. பெர்னதெத் அதை மட்டும் விழுங்கிவிட்டாள். பிறகு ஐந்தாவது பெயரைச் சொன்னாள், ஆறாவதையும் சொன்னாள். "ரெக்வியம் ஏத்தெர்னம்" என்று செபத்தை எடுத்துக் கொடுத்தாள். "எத் லுக்ஸ் பெர்பெத்துவா" என்று துரை உரக்கப் பதில் சொன்னார். யார் யாருக்காகவோ சொன்னார்.

"மை சிஸ்டர் பேர் வரலே?"

"வரலே தொரே."

"குட். அப்போ உயிரோட இருக்கா." காப்பிக் கோப்பைக்காகக் கை நீட்டினார்.

பெர்னதெத் ரேடியோவை அணைத்தாள். நீட்டிய கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு, அவர் காதோரம் குனிந்து, அதே செபத்தை மறுபடி முதலிலிருந்து சொன்னாள். சொல்லிவிட்டு, கையை விடாமல், அவர் பதிலுக்காகக் காத்திருந்தாள்.